வடக்கே பதினோரு தீவு

ஐம்பது பேர் இருந்தால்தான் தீவு. நாற்பத்தொன்பது என்றால் வெறும் மணல்திட்டு. பெருந்தீவில் கவுன்சில்காரர்கள் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து இப்படித்தான் முடிவு செய்திருந்தார்கள். ஐம்பதுக்குக் கீழே போன சிறுதீவுக்கு இனி மாதப் படகு கிடையாது, வாத்தியார் கிடையாது, நர்ஸம்மா கிடையாது. அங்கே இருப்பவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெருந்தீவுக்கே வந்துவிடலாம். வந்து எங்கே இருப்பது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. பசிபிக் கடல் நடுவே கிடக்கிற கிரிபாஸ் நாட்டில் சொந்த நிலம் இல்லாதவன் அடுத்தவன் தென்னை நிழலில்கூட உரிமையோடு உட்கார முடியாது.

நூத்தவா என்ற சிறுதீவில் அப்போது சரியாக ஐம்பது பேர் இருந்தார்கள், கரோத்துவையும் சேர்த்து.

கரோத்து சூரை பிடிக்கக் கடலுக்குப் போய் பதினேழு நாள் ஆகியிருந்தது. அதற்காக யாரும் அவனைச் செத்தவனாகக் கருதிவிடவில்லை. எஞ்சின் நின்று, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய், மூன்று மாதம் மழைத்தண்ணீரையும் பச்சை மீனையும் வைத்து உயிர் பிழைத்து, மார்ஷல் தீவுகளில் கரையேறிய ஆட்கள் நாட்டில் உண்டு. அவன் மனைவி திரோயாவும் அந்தக் கதைகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது மகள் தெயா கேட்கும்போதெல்லாம், "அப்பா பெரிய மீனா தேடிட்டுப் போயிருக்காரு" என்று சொல்லிவந்தாள்.

பதினெட்டாம் நாள் காலை, கடல் வற்றியிருந்த நேரத்தில் சிப்பி பொறுக்கக் கடல்புறம் போனாள். பெரிய தூரமில்லை. நூத்தவாவில் காயல்புறத்திலிருந்து கல்லை எறிந்தால் கடல்புறத்தில் போய் விழும். பாறைப் பள்ளத்தில் ஏதோ கிடந்தது. முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இடது முழங்காலில் சுறா கடித்த தழும்பு மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணமான புதிதில் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டே அவள் கதை கேட்பாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் சுறா ஒரு முழம் வளர்ந்திருக்கும்.

அவள் அலறினாள். முதலில் ஓடிவந்தவள் கரோத்துவின் அக்கா அரோயித்தா. வந்தவள் தம்பியைக் குனிந்து பார்த்தாள். பிறகு திரோயாவின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்தினாள்.

"கத்தாதடி. பெரியவர் வரட்டும்."

"அக்கா, உங்க தம்பி..."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? தெரியுது. வாய மூடு."

பெரியவர் என்றால் கபுவாத்தி. கரோத்துவின் சித்தப்பா, ஊர்க் கிழவர்களில் மூத்தவர். கள் இறக்க மரம் ஏறுவதை விட்டு ஐந்து வருடமாயிற்று. ஆனால் ஊரின் தலைமீது ஏறி உட்கார்ந்திருப்பதை மட்டும் விடவில்லை. அவர் நிதானமாக நடந்து வந்தார், பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணன் மகனின் பிணத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"உங்க ரெண்டு பேரத் தவிர வேற யாரு பாத்தா?"

திரோயாவுக்கு அந்த நொடியில் அவர் குரல்வளையைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"மாமா, வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவோம். மூணு நாள் வைக்கணும்ல?"

"வீட்ல வச்சா ஒப்பாரி வைக்கணும். ஒப்பாரி வச்சா பசங்களுக்குத் தெரியும். பசங்க வாய யாரு கட்டுறது? ஒம்பது நாள்ல ஆள் எண்ணுறதுக்குக் கவுன்சில்காரன் வர்றான், தெரியும்ல?"

"தெரியும்."

"அப்போ எத்தன பேர் இருக்கணும்?"

அரோயித்தா சொன்னாள். "அம்பது." அவள் மகன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறவன்.

"அவரு வழி?" என்றாள் திரோயா.

நூத்தவாக்காரர்களுக்குச் சாவைவிட அதுதான் பெரிது. செத்தவனுக்குப் போகிற பாதை தெரியாது. தீவு தீவாக வடக்கே போய், கடைசிக் கோடியான மாகினில் கடலைத் தாண்ட வேண்டும். அங்கே நகா என்பவர் காலகாலமாக உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வழியை நேராக்கிக் கொடுத்தால் செத்தவன் தப்பிப்பான். இல்லாவிட்டால் அந்த வலையில் மாட்டி, கழுத்து நெரிந்து, முடிவில்லாமல் தொங்குவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பாதிரியாரும் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். ஊரில் வழி நேராக்கத் தெரிந்தவர் கபுவாத்தி ஒருவர்தான்.

"கணக்கெடுப்பு முடியட்டும். மறுநாளே என் வாயால நான் நேராக்குறேன்" என்றார். "அவன் எனக்கும் பிள்ளதான்."

அன்று உச்சிப்பொழுதில், தீவின் வடக்கு முனையில், நண்டு தோண்டுகிற மணலில் கரோத்துவைப் புதைத்தார்கள். வீட்டோரமாகப் புதைத்து, வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியவள், வீட்டுக்குப் போய் மகளுக்குச் சோறு ஊட்டினாள். அழுகை வரும்போதெல்லாம் தேங்காய் துருவினாள். அந்த வாரம் அந்த வீட்டில் நிறையத் தேங்காய் துருவப்பட்டது.

மூன்று நாள் கழித்துப் பக்கத்துத் தீவிலிருந்து சேதி வந்தது. எண்ண வருகிற மிக்காயெரே பொல்லாதவனாம். வாயால் சொல்வதை எழுத மாட்டானாம். ஆள் ஒவ்வொருவரும் மனேபாவில், அதுதான் ஊர் மண்டபத்தில், அவரவர் குடும்பத்துக்குரிய இடத்தில் உட்கார்ந்து சொந்த வாயால் பெயர் சொல்ல வேண்டுமாம். முகம் பார்த்துத்தான் எழுதுவானாம்.

வளர்ந்தவர்களிடம் மட்டும் கபுவாத்தி சாவைச் சொல்லியிருந்தார்; கிழவர்கள் கூடிப் பேசினார்கள். வேற்றாள் ஒருவனை உட்கார வைத்துக் கரோத்து என்று சொல்லச் சொல்லலாம், அது சுலபம். ஆனால் மனேபாவில் பொய் சொன்னால் அது சொன்னவனோடு போகாது, குடும்பத்தையே அழிக்கும். கூரைக்கு வெளியே நூத்தவாக்காரர்கள் பொய் சொல்லக் கூச்சப்பட்டதில்லை. கூரைக்கு அடியில் மட்டும் ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

கபுவாத்தி ஒரு நாள் முழுக்கப் புகையிலை மென்று யோசித்தார். பொய்யாக இல்லாவிட்டால் போயிற்று அல்லவா? பெயரையே கொடுத்துவிட்டால்?

அப்படித்தான் பக்கத்துத் தீவிலிருந்து பிரிபோ வந்து இறங்கினான். கரோத்துவுக்குப் பெரியம்மா மகன், முப்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவன், எங்கே கூப்பிட்டாலும் போகிறவன், அங்கே ஆள் எண்ணிய நாளிலும் ஊரில் இல்லாதவன். ஒரு மூட்டை அரிசி, ஒரு டப்பா புகையிலை என்று சொல்லிக் கூட்டிவந்தார்கள். மனேபாவில் கரோத்துவின் இடத்தில் அவனை உட்காரவைத்து, தலையில் எண்ணெய் பூசி, கபுவாத்தி கரோத்துவின் பெயரை முறைப்படி அவனுக்குக் கொடுத்தார். ஊர் மொத்தமும் கைதட்டியது. திரோயாவும் தட்டினாள். வழி நேராக இன்னும் ஐந்து நாள்தான் என்று அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் பிரிபோ அவள் எதிரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. நான் வெளில தோணிக் கொட்டாயிலயே படுத்துக்குறேன். வந்த வேல முடிஞ்சதும் கெளம்பிடுவேன்."

நல்லவன். சொன்னதுபோலவே கொட்டகையில் படுத்தான். கூரை ஒழுகுவதைப் பார்த்துக் கேட்காமலே தாழை ஓலை வேய்ந்தான். தெயாவுக்கு ஒரு சின்னத் தோணி செதுக்கிக் கொடுத்தான். தெயாவைப் பழக்குகிற வேலையை அரோயித்தா எடுத்துக்கொண்டாள். கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்.

"இது யாரு? சொல்லு செல்லம்."

"பிரிபோ சித்தப்பா."

"இல்ல. அப்பா."

"எங்கப்பா மீனு பிடிக்கப் போயிருக்காரு."

"போயிட்டு வந்துட்டாருல்ல? கடல் தண்ணில கெடந்து மூஞ்சி மாறிப்போச்சு. சொல்லு, அப்பா. சொன்னா பிஸ்கட்டு."

முதல் நாள் தெயா பிஸ்கட் வேண்டாம் என்றாள். இரண்டாம் நாள் முனகினாள். நான்காம் நாள் பிஸ்கட் இல்லாமலே சொன்னாள். பிரிபோவுக்கு முகம் வெளிறிவிட்டது. திரோயா எழுந்து போய்த் தேங்காய் துருவினாள்.

மிக்காயெரே வந்தான். கண்ணாடி போட்ட இளைஞன், இஸ்திரி போட்ட சட்டை, கையில் எங்கோ வெளிநாட்டில் அச்சடித்த படிவம். மனேபாவில் பாய் விரித்து, இளநீர் கொடுத்து, பூமாலை போட்டு உட்காரவைத்தார்கள். முதலில் தீவைப் பற்றிக் கேட்டான்.

"மலை எத்தனை?"

கிழவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்டின்னா?" என்றார் ஒருவர்.

"இல்லைன்னு போட்டுக்கறேன். ஆறு எத்தனை?"

"மழ பேஞ்சா அரோயித்தா வீட்டு முன்னாடி ஒண்ணு ஓடும்."

எல்லோரும் சிரித்தார்கள். மிக்காயெரேயும் சிரித்தான். தீவின் மிக உயர்ந்த இடம் எது என்று கேட்டதும் சண்டையே வந்துவிட்டது. மேற்குக்கரை மேடு என்றார் ஒருவர், சர்ச் படிக்கட்டு என்றார் இன்னொருவர். கடைசியில் மூன்று மீட்டர் என்று எழுதிக்கொண்டான். நீளம் ஒன்றரை மைல். கிணறு ஆறு, அதில் உப்புக் கரிக்காதது இரண்டு. பன்றி நாற்பத்தொன்று. ஆளைவிடப் பன்றிக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டாள் திரோயா. பன்றி செத்தால் செத்தது என்று எழுதலாம்.

பிறகு ஆட்கள். ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். கரோத்துவின் இடம் வந்தது.

"பேரு?"

பிரிபோ உதட்டை நனைத்துக்கொண்டான். "கரோத்து."

மிக்காயெரே பேனாவை நிறுத்தினான். யாரோ ஏதோ அவன் காதில் போட்டிருக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரோயாவைப் பார்த்தான்.

"ஏம்மா, இவரு உன் வீட்டுக்காரரா?"

எதிரே கபுவாத்தி. பக்கத்தில் அரோயித்தா. சுற்றிலும் படகும் பள்ளிக்கூடமும் நர்ஸம்மாவும் வேண்டிய ஊர். வடக்கு முனையில் மணலுக்கடியில் அவன்.

"ஆமா" என்றாள். கரோத்து என்ற பெயர்க்காரன் அவள் புருஷன், அதில் பொய் இல்லை.

மிக்காயெரே அதோடு விடவில்லை. தெயாவை விரலால் கூப்பிட்டான்.

"பாப்பா, உங்கப்பா யாரு? காட்டு பாப்போம்."

தெயா ஓடிப்போய்ப் பிரிபோவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். "இவரு. மூஞ்சி மட்டும் மாறிப்போச்சு."

கபுவாத்தி தொடையில் தட்டிக்கொண்டு உரக்கச் சிரித்தார். "தாடிய மழிச்சா மூஞ்சி மாறத்தான செய்யும் கழுத!" ஊர் அவரோடு சேர்ந்து சிரித்தது. மிக்காயெரே எழுதினான். ஐம்பது. படகு உண்டு. ஆட்டமும் பாட்டுமாக அவனைத் தோணி ஏற்றி அனுப்பினார்கள்.

மறுநாள் விடிந்ததும் திரோயா குளித்து, எண்ணெய் பூசி, புதிய பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கபுவாத்தி வீட்டுக்குப் போனாள். அவர் வேகவைத்த மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, போலாமா?"

"எங்க?"

"வடக்கு முனைக்கு. வழி நேராக்கணும்ல."

அவர் முள்ளை ஓரமாக வைத்தார். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"யாருக்கு?"

"மாமா!"

"உக்காரும்மா. யோசிச்சுப் பாரு. கரோத்துன்னு கூப்பிட்டு வழிய நேராக்குனா யாரு போவா? இப்ப அந்தப் பேரு யாருகிட்ட இருக்கு? மனேபாவுல, ஊரே பாக்க, நான் எடுத்துக் குடுத்திருக்கேன். பாவம், பிரிபோ நல்லா இருக்கான். அவனப் போயி உசுரோட வழி அனுப்பச் சொல்றியா?"

திரோயா பாயைக் கீழே வைத்தாள்.

"அப்ப பேரத் திருப்பி வாங்குங்க."

"குடுத்த பேரு, குடுத்ததுதான். அவன் செத்தாத்தான் இறங்கும்."

"அவனுக்கு முப்பத்தஞ்சு வயசு மாமா. அதுவரைக்கும் எம்புருஷன் வலையில தொங்கணுமா?"

கபுவாத்தி மீன் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு? தலைல எண்ணெ வச்சப்பவே தெரியுமா?"

"தெரியும்" என்றார். அதில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. "ஒருத்தன் தொங்குறான். நாப்பத்தொம்பது பேரு அவங்கவங்க மண்ணுல இருக்கோம். நீயும் உம்பொண்ணும் அதுல உண்டு. படகுக்காரனும் நர்சும் கேப்பாங்க, அதனால பிரிபோ இங்கயேதான் இருக்கணும். எத்தன நாளைக்குக் கொட்டாயில படுப்பான்? அவன் பாய உள்ள போடு."

அவள் திரும்பி வரும்போது வாசலில் அரோயித்தா நின்றாள். "பிடிவாதம் பிடிக்காதடி. செத்தவனுக்காக இருக்கறவங்க சாக முடியுமா?" என்றாள். தம்பிக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்க்கவில்லை. தனியாக அழுதிருக்கலாம். அதை விசாரிக்கிற மனநிலையில் திரோயா இல்லை.

நாட்கள் போயின. படகு வந்தது, அரிசியும் மாவும் இறங்கின, ஊர் தின்றது. திரோயா வடக்கு முனைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். காற்று திரும்பும்போதெல்லாம் அவன் மூச்சுக்குத் திணறுவதுபோல அவளுக்குக் கேட்டது. பைத்தியம் பிடிக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

ஒரு நாள் கிழங்கு தோண்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். உள்ளே வாத்தியார் பிரம்பால் சுவரிலிருந்த படத்தைத் தட்ட, பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நம் நாட்டில் முப்பத்துமூன்று தீவுகள். நம் நாட்டில் நிலம் கொஞ்சம், கடல் அதிகம். நம் ஊருக்கு வடக்கே உள்ள தீவுகள் யாவை? தபித்தேவேயா, நொனோவுத்தி, அரானுக்கா, கூரியா, அபேமாமா...

திரோயா கூடையோடு நின்றுவிட்டாள்.

அம்மா செத்தபோதும் அப்பா செத்தபோதும் கபுவாத்தி வழி நேராக்கியதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கண்ணைச் சொருகிக்கொண்டு, குரலை இழுத்து இழுத்து அவர் சொன்னதால் அது மந்திரமாகத் தெரிந்தது. இதே பெயர்கள்தான். இதே வரிசைதான். நடுநடுவே செத்தவன் பெயரும், நில்லாதே, திரும்பாதே, போ என்ற மூன்று வார்த்தையும். ஏழு வயதுப் பிள்ளைகள் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒப்பிக்கிற பாடத்தை வைத்துக்கொண்டுதான் கிழவர் ஊரையே ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தார்.

வாத்தியார் மறுபடி தட்டினார். அவள் வேலிக்கு வெளியே நின்று உதட்டை அசைத்தாள். இரண்டு தடவையில் பாடமாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்க் கூடையை வைத்தாள். பிரிபோ தெயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு பன்றிக்குட்டி காட்டிக்கொண்டிருந்தான். சிரித்தான். அவன்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். புதிய பாயை எடுத்துக்கொண்டு அவள் நடந்த விதத்தைப் பார்த்து அவனுக்கு என்னவோ பட்டிருக்க வேண்டும். பின்னாலேயே வந்தான்.

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திரோயா மணல்மேல் பாயை விரித்து, வடக்கே பார்த்து உட்கார்ந்து, தொடங்கினாள்.

"கரோத்து, எழுந்திரு. இதோ தபித்தேவேயா. நில்லாத, திரும்பாத, போ. கரோத்து, இதோ நொனோவுத்தி..."

"அண்ணி!" பிரிபோ ஓடிவந்தான். தோளில் தெயா குலுங்கினாள். "அண்ணி, என்ன பண்றீங்க? அது இப்ப எம்பேரு அண்ணி!"

"பேரக் குடுத்துடு பிரிபோ. நிறுத்திடுறேன்."

"எப்படிக் குடுக்கறது? எனக்குத் தெரியாதே. அரிசி தர்றேன்னாங்க, வந்தேன். நான் என்ன பாவம் பண்ணேன்? தோணியேறி எங்க ஊருக்கே போயிடறேன் அண்ணி, இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"நீ எங்க போனாலும் அவரு பேரு உங்கூடத்தான வரும்."

அவன் மண்டியிட்டான். அவள் காலைப் பிடிக்க வந்து, பிடிக்காமல், மணலைப் பிடித்துக்கொண்டான். வாய்விட்டு அழுதான். தெயா அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா அழுறாரும்மா."

திரோயா மகளைப் பார்த்தாள். பிரிபோவைப் பார்த்தாள். அவளுக்கும் கண்ணீர் வந்தது, குரலும் நடுங்கியது. ஆனால் வரிசை தப்பவில்லை. அரானுக்கா, கூரியா, அபேமாமா. நில்லாத, திரும்பாத, போ. மையானா, தாராவா, அபையாங். பிரிபோ காதைப் பொத்திக்கொண்டான். மராக்கேய். புத்தாரித்தாரி. கடைசியாக மாகின், நகாவின் வலை, அதற்கப்பால் திறந்த கடல்.

"போ கரோத்து" என்று முடித்தாள். பிறகு அவன் தோளிலிருந்து மகளை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பிரிபோ அன்று மாலை கொட்டகையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அதற்குப்பின் தீவுக்கு ஒன்றாகப் பதினோரு நாள் உயிரோடு இருந்தான்.